இரண்டு தொட்டிக்கு ஒரு மோட்டார்

பொத்தானை அழுத்தியதும் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அவன் மறுபடி அழுத்தினான். சுவிட்ச் பெட்டிக்குள் டக்கென்று ஏதோ விழுந்தது. கருகின வாடை மூக்கில் ஏறியது.

"போச்சு," என்றான், தனக்குத்தானே.

இன்னும் சரியாக விடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் வீட்டில் விளக்கு எரியவில்லை. அவர்கள் எழுந்திருப்பதற்குள் அவர்கள் வீட்டுத் தொட்டியைச் சத்தம் காட்டாமல் நிரப்பிவிடலாம் என்று வந்தவன், மோட்டாரையே எரித்துவிட்டு நின்றான்.

கிணறு ஒன்றுதான். வீடு இரண்டு. நடுவில் ஓடுகிற மதில் சுவர் கிணற்றின் மேலேயே ஏறிப் போகிறது. பாதி வட்டம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அந்தப் பாதியில் வளர்ந்தவளை இந்தப் பாதியில் இருந்தவன் கட்டிக்கொண்டான்.

வந்த மாதமே அவள் சுவரில் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னாள். அடுத்த மாதம், "ஒரு கிணத்துக்கு எதுக்கு ரெண்டு மோட்டார்?" என்றாள். ஒன்று போயிற்று. மிச்சமிருந்த ஒன்றிலிருந்து வரும் குழாய் மேலே இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. எது யாருடையது என்று குழம்பாமலிருக்கத் தன் வீட்டு வால்வில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். தொட்டி நிரம்பி வழிந்தால் அதுவும் வீணாகக் கூடாது என்று, வழிகிற குழாய் இரண்டையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் மோட்டார் போடுவது அவள் வேலை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அவன் அழவில்லை. ஊர் அதைப் பற்றிப் பேசியது, பிறகு பேச்சை நிறுத்தியது. கடைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து, "தனியா இங்க என்னடா பண்ற? வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்க ஊருக்கு வந்துடு. அங்கயும் ஜனங்களுக்குக் கண்ணு இருக்கு," என்றபோதும் தலையைத்தான் ஆட்டினான். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு சாவியையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிவிட்டாள்.

மாமாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு குழந்தை இருந்திருந்தால் அதைப் பார்க்கிற சாக்கில் வரப்போக இருக்கலாம். அதுவும் இல்லை. அந்த வீட்டுக்கும் இவனுக்கும் நடுவில் மிச்சமிருந்தது இந்தக் குழாய் ஒன்றுதான். இவன் போய்விட்டால் அதுவும் அறுந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தான். மோட்டார் முந்திக்கொண்டது.

சின்னக் கதவைத் திறந்து போனான். மாமா பின்கட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கத்திலேயே இரைந்த இஞ்சின் அவருடைய காதில் பாதியை வாங்கிக்கொண்டது.

"மாமா, மோட்டார் எரிஞ்சுடுச்சு."

"யாரு வந்திருக்கா?"

"மோட்டார் மாமா! எரிஞ்சுடுச்சு!"

"மெதுவா சொல்லுங்க மாப்பிள்ளை. அத்தை தூங்கறா."

"எங்க தூங்கறது?" உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசினா தெருக்கோடியில இருக்கறவனுக்கும் விஷயம் தெரிஞ்சுடும்."

மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு அவனைப் பார்த்தார். "இந்த நேரத்துக்கு நீங்க எதுக்கு மோட்டார் போட்டீங்க?"

"எங்க டேங்க்ல தண்ணி இல்லை மாமா."

பொய். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவன் பார்க்கக்கூட இல்லை.

"இல்லையா? இருக்கணுமே," என்றவர், சட்டென்று இருமினார். தேவைக்கு மேல் இருமினார். "சரி சரி, நாளைக்காரனைக் கூப்பிடறேன். நீங்க கடைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

நாளைக்காரர் என்பது மோட்டார் மெக்கானிக். எப்போது கூப்பிட்டாலும் நாளைக்கு என்பார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டிலேயே புழக்கத்தில் இருக்கிறதா என்பது சந்தேகம்.

அத்தை கயிறும் வாளியுமாக வந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். தண்ணீர் ரொம்பக் கீழே போயிருந்தது. வாளி போய்த் தட்டுவதற்கே நேரமாயிற்று. இரண்டு வீட்டுக்கும் இறைத்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

"மாப்பிள்ளை," என்றாள் அத்தை. ஏதோ சொல்ல வந்த முகம். "ஒண்ணுமில்லை. போயிட்டு வாங்க."

*

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருட்டில் உட்கார்ந்து கண் பார்ப்பது அவன் தொழில். படித்ததும் அதைத்தான். அந்த அறை அவனுக்குப் பிடித்திருந்தது. எதிரே இருப்பவர்களுக்கு அவன் முகம் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்.

"இது தெளிவா இருக்கா, இல்லை, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது," என்றார் நாற்காலியில் இருந்தவர். வீட்டுத் தரகர். மூக்கின் மேல் கனத்த சோதனைச் சட்டத்தோடு, யாருக்கோ காவல் இருக்கிற ஆந்தைபோல உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. இது? இது?"

"தம்பி, நீங்க கேக்கறதைப் பாத்தா நான் வீடு காட்டற மாதிரியே இருக்கு. இதுவா, அதுவான்னு." அவரே சிரித்துக்கொண்டார். "நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. உங்க வீட்டுக்கு ஆள் ரெடி. புருஷன், பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. அக்கா ஃபோன் பண்ணியிருந்தாங்க. சாவியும் அவங்ககிட்டயே குடுத்துட்டாங்களாமே. இந்த வாரத்துல வந்து பாப்பாங்க."

அவன் கையிலிருந்த கண்ணாடி வில்லையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"உங்க மாமனாரை நேத்து சாயங்காலம் கடைவீதியில பாத்தேன். சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க ஊருக்குப் போறதைத்தான். அவருக்குத் தெரியாதா என்ன?"

"அவர் என்ன சொன்னார்?"

"சந்தோஷம்னார். ரெண்டு தடவை சொன்னார். அப்புறம் குடையை என் கையில குடுத்துட்டு அவர்பாட்டுக்குப் போயிட்டார். அது அவர் குடை. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

அவன் விளக்கைப் போட்டான். தரகர் கண்ணைச் சுருக்கினார்.

"முடிஞ்சுதா தம்பி? எனக்குப் பார்வை எப்படி?"

"நாளைக்கு வாங்க," என்றான். மெக்கானிக்கின் வியாதி ஒட்டிக்கொண்டதுபோலிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, முதலாளியிடம் வீட்டில் வேலை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

*

கிணற்றடியில் நாளைக்காரர் இருந்தார். கூடவே அவருடைய மச்சான், கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு.

"என்ன, இன்னிக்கே வந்துட்டீங்க?" என்று கேட்டான்.

"நேத்து ஒருத்தருக்கு நாளைக்குன்னு சொல்லியிருந்தேன் சார். அந்த நாளைக்கை உங்களுக்குத் திருப்பிவிட்டுட்டேன். டிரைவர் ஐயா கூப்பிட்டா தட்ட முடியுமா?"

பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் அட்டைப்பெட்டியோடு இருந்தது. சின்னது என்றால், ஒரு வீட்டுக்குத்தான் காணும். பெட்டியின் மேல் ஒரு வெள்ளை மூடி. குழாயின் வாயை அடைக்கிற மூடி.

"இது எதுக்கு?"

நாளைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா கிணற்றைப் பார்த்தார்.

"உங்க பக்கத்துக் குழாயை அடைச்சுடச் சொன்னேன் மாப்பிள்ளை. புதுசா வர்றவங்க அவங்களுக்குன்னு தனியா போட்டுக்கட்டும். முன்னபின்ன தெரியாதவங்களோட ஒரே மோட்டார்னா தினம் சண்டைதான்."

அவன் குடையை நீட்டினான். மாமா வாங்கிக்கொண்டார். எங்கே விட்டோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் இருந்தது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா."

"அதனால என்ன? வயசு இருக்கு. போக வேண்டியதுதான். எங்களுக்காக இங்கயே கிடக்க முடியுமா?" வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்தார், மறுபடி மடக்கினார். "அதுக்காக நீங்க சங்கடப்பட வேண்டாம். நாங்க பாத்துக்குவோம்."

வெட்டிக்கொண்டு போவதற்கு அவர் வழிவிடுகிறார். அது அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் அந்த வெள்ளை மூடியைப் பார்க்க முடியவில்லை.

"பேசினது போதும், ஒரு கை குடுங்க," என்றார் நாளைக்காரர்.

கயிற்றை மச்சான் பிடித்தார், குழாயை இவன் பிடித்தான், ஒயர் சிக்காமல் மாமா சுருட்டினார். இழு, நிறுத்து, இழு, நிறுத்து. கறுப்புக் குழாய் வழவழவென்று வளைந்து மேலே வந்தது. உள்ளங்கை எரிந்தது. கடைசியில் சேறு பூசிய இரும்பு உருளை கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டே வெளியே வந்து விழுந்தது.

நாளைக்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இடி தாக்கியிருக்கு."

"இடியே இடிக்கலையே," என்றார் மாமா.

"அப்படியா? அப்ப கரண்ட் ஏத்த இறக்கம்."

"நேத்து வரைக்கும் சீரா வந்துச்சு."

"ஐயா, நீங்க பஸ்ஸை மட்டும் பாருங்க." அவர் தொழில் கௌரவத்துக்கு அடிபட்டதுபோல மோட்டாரைக் கவிழ்த்தார். வாய்வழியாகச் சாம்பல் நிற மணல் கொட்டியது. ஒரு பிடி, இரண்டு பிடி. கொட்டிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு மணலா?" மச்சான் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

நாளைக்காரர் இப்போது நிஜமாகவே யோசித்தார். "இது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?"

"அரை மணி," என்றார் மாமா.

"அரை மணிதான்," என்றான் இவன், அதே சமயத்தில்.

"அரை மணி ஓடின மூஞ்சியா இது? தேஞ்சு போய்க் கிடக்கு. கிணத்துல யாரோ தினமும் மேலேருந்து தண்ணி ஊத்தின மாதிரி அடி மணலெல்லாம் கலங்கி வந்திருக்கு. யாராவது உண்மையைச் சொல்லுங்களேன்."

மாமா ஒயரை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினார்.

"நான் சொல்றேன்," என்றாள் அத்தை.

டீத் தம்ளர்களை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். முதலில் நாளைக்காரருக்குக் கொடுத்தாள், மச்சானுக்குக் கொடுத்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வருவார். ரெண்டு வால்வையும் திறந்து, ரெண்டு டேங்க்கையும் ரொப்பிட்டுப் போவார். அவர் கடைக்குக் கிளம்பினதும் இவர் வருவார். அதே ரெண்டு வால்வைத் திறந்து, ரொம்பின டேங்க்கையே இன்னொரு தடவை ரொப்புவார். ரேடியோவுல பாட்டு முடியற வரைக்கும் ஓடும். அவ்வளவு தண்ணியும் குழாய் வழியா கிணத்துக்குள்ள திரும்பி விழும். அதைத்தான் இந்த மோட்டார் மறுபடி எடுத்துக் குடுக்கும். தினமும் இதே கூத்துதான்."

நாளைக்காரர் தம்ளரோடு நின்றுவிட்டார்.

மாமா மெதுவாக இவன் பக்கம் திரும்பினார். "எங்க டேங்க்கை நீங்களா ரொப்பறீங்க?"

"உங்களுக்கு முட்டி வலி. வால்வைத் திறக்கக் குனியணும். அதான்." பிறகு கேட்டான்: "நீங்க எதுக்கு எங்க டேங்க்கை?"

"நீங்க மறந்துடுவீங்க." மாமா குடையின் கைப்பிடியைத் தடவினார். "எங்க பாப்பா போன புதுசுல ஒரு நாள், தலை பூரா சோப்போட கிணத்தடிக்கு வந்து வாளியைத் தேடினீங்க. கண்ணைத் திறக்க முடியாம தடவிக்கிட்டே. நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். கூப்பிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு கூப்பிடலை. மறுநாள்லேருந்து நானே போட ஆரம்பிச்சேன்."

அந்த நாள் அவனுக்கு நினைவே இல்லை. அந்த மாதத்தில் எதுவுமே நினைவில்லை.

"தண்ணி விழற சத்தம்கூடவா உங்களுக்குக் கேக்கலை?" என்று நாளைக்காரர் மாமாவைக் கேட்டார்.

"எனக்கு நீங்க கேக்கறதே பாதிதான் கேக்குது."

"அத்தை," என்றான் அவன். "உங்களுக்குத்தான் தெரியுமே. ஏன் சொல்லலை?"

அத்தை கடைசித் தம்ளரை அவன் கையில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான் சொல்லலை. பாப்பா இருந்தப்ப அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சுக்குவேன். அவ போனப்புறம் நின்னுபோச்சு. அப்புறம் ஒரு நாள் மறுபடி கேட்டுச்சு. எழுந்து பாத்தா நீங்க நிக்கறீங்க, போர்வையைப் போத்திக்கிட்டு, திருடன் மாதிரி." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா ரெண்டு பேரும் நிறுத்திடுவீங்க. ஒருத்தருக்கொருத்தர் தண்ணி போடறதும் நின்னா அப்புறம் என்ன இருக்கு? உக்காந்து ரெண்டு வார்த்தை பேசற ஆளுங்களா நீங்க?"

அவன் டீயைக் குடித்தான். நாக்கு சுட்டது. கடைசியாக எப்போது டீ சுட்டது என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டில் வந்தது என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று இன்னொரு வாய் குடித்தான்.

மச்சான் தொண்டையைச் செருமினார். நாளைக்காரர் வெள்ளை மூடியைக் கையில் எடுத்தார்.

"அப்ப இதைப் போட்டுடவா?"

மாமா குடையால் தரையில் கோடு போட்டார்.

"வேண்டாம்," என்றான் அவன். "இந்தச் சின்ன மோட்டார் காணாது. பெருசா கொண்டு வாங்க. ரெண்டு வால்வும் இருக்கட்டும்."

"போறவருக்கு எதுக்கு மாப்பிள்ளை?"

"போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை மாமா. தலையைத்தான் ஆட்டினேன்."

"அதுக்குத்தான் மனுஷனுக்கு வாய்னு ஒண்ணு வெச்சிருக்கு," என்றாள் அத்தை. மாமாவையும் சேர்த்துத்தான்.

"பெரிய மோட்டார்னா கடையில சொல்லணும்," என்று ஆரம்பித்தார் நாளைக்காரர். "நாளைக்கு..."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய மச்சானும் பார்த்தார்.

"சரி, இன்னிக்கே," என்றார்.

*

சொன்னபடி வந்தது. ஒயரை முறுக்கி, நாடாவைச் சுற்றி, குழாயை மாட்டி, புது மோட்டாரை அடியில் உட்கார விடாமல் மணலுக்கு மேலே தொங்குகிற மாதிரி கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பழைய வால்வுகளை மாற்றிவிடலாமே என்று மச்சான் கேட்டார். "நல்லாத்தானே இருக்கு, விடுங்க," என்று மாமாவும் இவனும் ஒரே குரலில் சொன்னார்கள். சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்," என்றார் நாளைக்காரர். "மோட்டார் போடறது ஒருத்தராத்தான் இருக்கணும். ரெண்டு பேரு தொட்டா அடுத்த வருஷமும் நான்தான் வரணும்."

"நான் போடறேன்," என்றார் மாமா. "வீட்டுல சும்மாதானே இருக்கேன்."

"முட்டியை வெச்சுக்கிட்டா? நான் போடறேன்."

"நீங்க மறந்துடுவீங்க."

"இத்தனை நாள் மறந்தேனா?"

"அது எங்க டேங்க்கை. உங்க டேங்க்கை நீங்க மறந்துடுவீங்க."

"பாப்பா ஒருத்தி பாட்டுப் பாடிக்கிட்டே பாத்த வேலை," என்றாள் அத்தை. "ரெண்டு ஆம்பளைங்க பஞ்சாயத்து வெச்சிருக்கீங்க."

முடிவு ஏற்படவில்லை. பொத்தானை அத்தையே அழுத்தினாள்.

அவன் தன் மாடிக்கு ஏறினான். அந்தப் பக்கம் மாமா, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு, அவர் மாடிக்கு ஏறினார். முதலில் காற்று சீறியது. பிறகு டீ நிறத்தில் கலங்கல் வந்தது. பிறகு தெளிந்தது. மாமா தொட்டிக்குள் கையைவிட்டு, நனைந்த கையைத் தூக்கிக் காட்டினார். இவனும் தன் கையைத் தூக்கிக் காட்டினான். இருவரும் உடனே இறங்கிவிடவில்லை.

சற்றைக்கெல்லாம் தொட்டி வழிந்தது. குழாய் வழியாகக் கிணற்றுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கீழே அத்தை பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனவள், அழுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அணைத்தாள்.

அவன் இறங்கி வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. கதவருகே ஒரு பெண், இடுப்பில் தூங்குகிற குழந்தை. பின்னால் அவள் கணவன், பையைத் தூக்கிக்கொண்டு. அவள் கையில் இவன் வீட்டுச் சாவி.

"மன்னிச்சுக்குங்க. வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க, கடைக்குப் போயிருப்பாங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க," என்றாள். "இப்ப இருக்கற இடத்தை நாளைக்கே காலி பண்ணணும். இந்த வீட்டைத்தான் நம்பியிருக்கோம்."

கணவன் கூடத்தை எட்டிப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். வாடகைக்கு வருகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"தண்ணி வசதி எப்படி சார்?"

சின்னக் கதவு வழியாக மாமா வந்து இவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் கேட்கும் அவருக்கு. இது மட்டும் முழுசாகக் கேட்டிருந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரே பதில் சொன்னார்.

"அதை மாப்பிள்ளைகிட்டதான் கேக்கணும். இனிமே ரெண்டு வீட்டுக்கும் மோட்டார் போடறது அவர்தான்."

அந்தப் பெண் சாவியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அவனைப் பார்த்தது.

இந்தத் தடவை தலையை ஆட்டித் தப்பிக்க முடியாது. அவன் வாயைத் திறந்தான்.